நாய் கோழியைக் கொன்றதைக் கண்ணால் பார்த்தேன், குஞ்சுகளைத் தின்பதும் எங்கள் பூனைதானா?

வீரவநல்லூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருடம் சென்னையில் இருந்துவிட்டு, புரட்டாசி பிறந்ததும் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டேன். என்னோடு வந்தது இரண்டு உருப்படி. ஒன்று காப்பி, நாய். இரண்டரை வயது. வேளச்சேரியில் ஒரு மழைநாளில் மாடிப்படிக்கு அடியில் கிடந்த குட்டி, மாடி வீட்டிலேயே வளர்ந்தது. புறாவைத் தவிர வேறு பறவையைப் பக்கத்தில் பார்த்ததில்லை. இன்னொன்று சிட்டு, நாலு வயதுப் பெண்பூனை. கருத்தடை செய்தாகிவிட்டது. ஒரு நாளில் 18 மணி நேரம் தூங்கும் என்று சொன்னால் நம்ப வேண்டும்.

வீடு கன்னடியன் கால்வாய்க்குப் பக்கம். புறவாசல் ஆறு சென்ட் இருக்கும். முருங்கை ஒன்று, தென்னை இரண்டு, அப்பா காலத்து மாட்டுத் தொழு. மாடு போய்ப் பல வருடமாகிறது. இப்போது அங்கே அம்மாவின் கோழிகள்தான் ராஜ்யம். சிறுவிடை நாட்டுக்கோழியில் 11 பெட்டை, 2 சேவல். ஆவணியில் அவயத்துக்கு (அடைகாக்க) வைத்த கருங்கால் பெட்டை ஒன்பது குஞ்சு பொரித்திருந்தது.

போன ஞாயிறு காலை 6 மணி. அம்மா கூட்டைத் திறந்துவிட்டார். நான் புறவாசல் கதவின் கொண்டியைச் சரியாகப் போடவில்லை. காப்பி மூக்கால் தள்ளிக்கொண்டு வெளியே போனது. முதலில் சும்மாதான் மோந்து பார்த்தது. ஒரு செம்புள்ளிப் பெட்டை பயந்துபோய்க் கத்திக்கொண்டு குறுக்கே பறந்தது, அவ்வளவுதான். நான் செருப்பைப் போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தின்னவில்லை. வாயில் கவ்வி உலுக்கிவிட்டுக் கீழே போட்டது. போட்டுவிட்டு என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பிடுங்கப் போன அம்மாவுக்கு மணிக்கட்டில் லேசாகப் பல் பட்டது.

அம்மா செத்த கோழியாலேயே அதை நாலு சாத்துச் சாத்தினார். பிறகு இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. மூன்றாம் நாள், "ஏட்டி, அந்த நாய எங்கயாவது கொண்டு விட்டுட்டு வா" என்றார். அது ஒரு பக்கம் இருக்க, இந்த வாரத்தில் குஞ்சு ஒன்பது ஆறாகிவிட்டது. ராத்திரியில் தாய்க்கோழி கெக்கரிக்கிற சத்தம் கேட்டு அம்மா டார்ச் அடித்தபோது, குஞ்சுகளைக் கவிழ்த்து மூடுகிற பஞ்சாரக் கூடைக்குப் பக்கத்தில் சிட்டு உட்கார்ந்திருந்ததாம். அதனால் இப்போது பூனையும் குற்றவாளி.

பக்கத்து வீட்டு ஆச்சி, செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டி அழுகுகிற வரை விட்டுவிடச் சொல்கிறார்கள். நான் சம்மதிக்கவில்லை, புதைத்துவிட்டோம். உண்மையைச் சொல்லுங்கள்: ஒரு தடவை கொன்ற நாயோடு கோழி வளர்க்க முடியுமா? பூனையை என்ன செய்ய?

—

களக்காட்டு லாரி:

தங்கச்சி, மனசு கஷ்டப்படக் கூடாது. ருசி கண்ட நாய் விடாது. எங்கள் வீட்டில் ஒன்று அப்படித்தான், கட்டிப் போட்டால் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய் அடித்தது. தோட்டத்துக் காவலுக்கு யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள். கழுத்தில் கட்டுகிற வைத்தியம் பழைய ஆள்கள் செய்ததுதான், பார்த்திருக்கிறேன். பலித்ததா என்று கேட்டால் ஞாபகம் இல்லை.

—

கோழி ஊசிக்காரர்:

பாப்பா, என் மகள் வயதுதான் உனக்கும் இருக்கும், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் அம்மாவின் கை. 'லேசாகப் பல் பட்டது' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கோழிக்குப் போய்விட்டாய். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. காப்பிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருப்பாய், சரி. ஆனாலும் பல் பட்ட இடத்தைக் குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும். மஞ்சளை அப்பிவிட்டு விட்டிருந்தால், இன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போ. போட வேண்டும் என்று டாக்டர் சொன்னால் 0, 3, 7, 28 என்று நாலு தவணை, தோலில் போடுவார்கள். ஒரு தவணையும் தப்பக் கூடாது. அதற்கப்புறம் கோழியைப் பேசலாம்.

நான் 31 வருடம் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஊரிலும் என்னை ஆய்வாளர் என்று சொன்னதில்லை. பிப்ரவரியில் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு ஊசி முகாம் வந்தால் பெண்கள் கூடையில், சாக்கில், சேலை முந்தானையில் கோழியைச் சுற்றிக்கொண்டு, "கோழி ஊசிக்காரரு வந்துட்டாரு" என்று வருவார்கள். அப்படிப் போன வீடுகளில் நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

களக்காட்டுத் தம்பி சொல்கிற 'ருசி' இங்கே பொருந்தாது. உன் நாய் தின்னவே இல்லையே. கோழி இறக்கையை அடித்துக்கொண்டு ஓடியது, இது விரட்டியது, பிடித்தது, உலுக்கியது. அதற்கு அது விளையாட்டு, கோழிக்கு உயிர். பசிக்காகக் கொல்கிற நாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விடும். விளையாட்டுக்குக் கொல்கிற நாய் ஓடுகிற கோழி இருக்கிற வரை நிறுத்தாது. அதனால் இரண்டாவதுதான் அதிக ஆபத்து, அதைச் சின்னதாக நினைக்காதே. ஆனால் பழக்கவும் இதைத்தான் பழக்க முடியும்.

அடித்தது பிரயோசனமில்லை. 'அம்மா கையில் கோழி இருந்தால் அடி விழும்' என்பது மட்டும்தான் அதற்குப் புரிந்திருக்கும். கழுத்தில் கட்டுகிறது அதைவிட மோசம். அழுகிய கோழியை மூன்று நாள் சுமந்த நாய் ஒன்றை மானூர்ப் பக்கம் பார்த்தேன். கழுத்தெல்லாம் புழு வைத்து என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். கட்டை அவிழ்த்த மறுவாரம் அது அடுத்த கோழியை அடித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சங்கரன்கோவில் பக்கம் வேலை பார்த்தபோது ஒரு வீட்டில் சிப்பிப்பாறை நாய் இருந்தது. முயலுக்குப் போகிற ஜாதி. 40 நாள் குட்டியாக வந்ததிலிருந்து கோழிகளுக்கு நடுவில் வளர்ந்தது. குஞ்சுகள் அதன் முதுகில் ஏறி நிற்கும், அது கண்ணைக்கூடத் திறக்காது. வீட்டுக்காரர் பெருமையாகக் கூப்பிட்டுக் காட்டுவார். அதே நாய் அடுத்த தெருவில் இரண்டு பெட்டையை அடித்துப் பஞ்சாயத்து வந்தது. அதன் கணக்கில் 'நம் வீட்டுக் கோழி' வேறு, 'கோழி' வேறு. ஆகவே பழகிவிட்டது என்று யார் சொன்னாலும், எந்தக் கோழியோடு, எந்த இடத்தில், யார் பக்கத்தில் நிற்கும்போது என்று கேட்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது. நாய்க்கும் கோழிக்கும் நடுவில் வேலி. கொண்டியை நம்பாதே. சரி, எந்த வலை? கடையில் கோழிவலை என்று அறுகோணக் கண் வைத்து மெல்லிய கம்பியில் தருவார்கள். அது கோழி வெளியே போகாமல் இருக்க, நாய் உள்ளே வராமல் இருக்க அல்ல. எனக்கு இது எப்படித் தெரியும்? முக்கூடலில் என் சொந்த வீட்டில் அந்த வலையைத்தான் கட்டினேன். ஊரெல்லாம் புத்தி சொல்கிறவன். ஒரு முகாமுக்காக ராத்திரி தங்கிவிட்டு வந்தேன், ஏழு கோழி வரிசையாகக் கிடந்தது. தெருநாய் பல்லாலேயே கிழித்திருந்தது. என் மனைவி ஒன்றுமே சொல்லவில்லை, வலையை மட்டும் சுருட்டி என் மேசை மேல் வைத்திருந்தாள். வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த கெட்டி வலை, வாங்கு. குஞ்சுக்கூட்டுக்கு அரை அங்குலக் கண். வேலியின் அடியில் இரண்டடி அகலத்துக்கு வலையை வெளிப்பக்கமாகத் தரையில் விரித்து மண்ணைப் போட்டு மூடு. நாய் வேலி ஓரத்தில்தான் தோண்டும், இரண்டடி தள்ளி நின்று தோண்ட அதற்குத் தோன்றாது.

வேலி கட்டிய பிறகு பழக்கம். காலையில் நடக்கக் கூட்டிப்போய், சோறு கொஞ்சம் கொடுத்துவிட்டு, பத்தடிக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வேலியிலிருந்து இருபது இருபத்தைந்து அடி தள்ளி உட்கார். கோழியைப் பார்க்கும். பார்க்கட்டும். வாயை மூடி, காதை முன்னால் நிறுத்தி, வால் விறைத்து, உடம்பு கல்லாகிவிட்டால் அதுதான் நேரம். பாய்ந்த பிறகு 'விடு' என்று கத்துவது வண்டி போன பிறகு கையை நீட்டுகிற மாதிரி. கல்லாகிற அந்த நொடியில் பேர் சொல்லிக் கூப்பிடு, திரும்பினால் ஏதாவது கொடு. கொடுத்ததை வாங்கித் தின்கிறது என்றால் தூரம் சரி. தின்ன மறுக்கிறது என்றால் ரொம்பப் பக்கத்தில் இருக்கிறாய், பின்னால் போ. பத்து நிமிடம், காலையும் மாலையும். வாரத்துக்கு ஒரு முழம் முன்னேறினால் போதும். ஆள் இல்லாமல் இரண்டையும் ஒன்றாக விடுவது எந்தக் காலத்திலும் வேண்டாம்.

கோழியின் இறக்கையை வெட்டச் சொல்வார்கள். வேலி உறுதியாக இருந்தால் ஒரு பக்கத்து நீள இறகை மட்டும் வெட்டலாம், தாண்டி வராது. வேலி சரியில்லை என்றால் வெட்டாதே. தப்பிப் பறக்க அதற்கு இருப்பது அது ஒன்றுதான்.

பூனை விஷயத்தில் எனக்குச் சந்தேகம். பதில் சொல்: குஞ்சு போனது பகலா, ராத்திரியா? இறகு, ரத்தம் கிடந்ததா? பஞ்சாரம் எந்தத் தரையில்? பக்கத்தில் புது மண் ஏதாவது குவிந்திருக்கிறதா?

—

வீரவநல்லூர்க்காரி:

அண்ணாச்சி, அம்மாவுக்கு முதல் ஊசி போட்டாகிவிட்டது. மஞ்சள்தான் வைத்திருந்தார், சரியாகச் சொன்னீர்கள். என்னிடம் மறுபடி கோபம், ஆனால் இந்தத் தடவை பேசிக்கொண்டே கோபப்பட்டார்.

மூன்றும் ராத்திரியில்தான். வேறு வேறு நாள். இறகு ஒன்றுகூட இல்லை, ரத்தம் இல்லை. பஞ்சாரத்தைத் தொழுவுக்குள் மண்தரையில் கவிழ்த்து மேலே அரைச் செங்கல் வைப்பார். நீங்கள் கேட்ட பிறகு டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். பழைய உரலுக்குப் பின்னால் கூடை மண் அளவுக்குப் புதிதாகக் குவிந்திருக்கிறது, பக்கத்தில் என் முஷ்டி போகிற அளவுக்கு ஓட்டை. பஞ்சாரத்தின் ஓரத்தில் ஒரு இடத்தில் மண் பறித்த மாதிரி இருக்கிறது.

இன்னொரு விஷயம். காப்பி இரண்டு தடவை குஞ்சுத் தீவனத் தட்டை நக்கியிருக்கிறது. ஒன்றும் ஆகாதல்லவா?

—

கோழி ஊசிக்காரர்:

பெருச்சாளி. பூனைக்கு விடுதலை.

கீரியாக இருந்தால் பகலில் வரும். மரநாய் ராத்திரி வரும், ஆனால் அது பெரிய கோழியை விட்டுவிட்டு வாரத்துக்கு மூன்று குஞ்சோடு திருப்திப்படாது. கழுத்தைக் கடித்து, கூடெல்லாம் இறகாக்கிவிட்டுப் போகும். நாய் வந்திருந்தால் பஞ்சாரமே உருண்டு கிடக்கும். பருந்தும் காக்காயும் வெளிச்சத்துக் கள்ளர்கள். பாம்பு என்றால் தடயமே இருக்காது, அதனால்தான் மண்ணைக் கேட்டேன். பாம்பு வளை தோண்டி மண்ணைக் குவிக்காது. பெருச்சாளிதான் குவிக்கும். பஞ்சாரத்தின் அடியில் பறித்து ஒரு குஞ்சை இழுத்துக்கொண்டு வளைக்குப் போய்விடும். கோழிக்கு இருட்டினால் கண் தெரியாது, கத்தத்தான் முடியும். அந்தச் சத்தத்துக்கும் பெருச்சாளி வாடைக்கும்தான் சிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. பாவம், காவலுக்கு வந்தவளைக் கள்ளி என்று பிடித்திருக்கிறார் அம்மா. முழுசாக வளர்ந்த பெருச்சாளியைப் பெரும்பாலான பூனை சீண்டாது, பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

இன்று ராத்திரியே பஞ்சாரத்தைச் சிமெண்டுத் தரைக்கோ கல்தரைக்கோ மாற்று. மேலே செங்கல் போதாது, குழவிக்கல்லை வை. ஓட்டைப் பக்கம் கூண்டுப்பொறி, உள்ளே கருவாடு. வெறுங்கையால் தொடாதே. எலி, பெருச்சாளி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் பரவும், நமக்கும் வரும், நாய்க்கும் வரும். ஐப்பசி மழையில் புறவாசலில் தண்ணீர் தேங்கினால் இன்னும் மோசம். நாய்க்கு வருடத் தடுப்பூசியில் அதற்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார்களா என்று அட்டையைப் பார்.

தீவனம்: குஞ்சுத் தீவனத்தில் ரத்தக்கழிச்சல் வராமலிருக்க மருந்து கலந்திருப்பார்கள். அதில் மொனென்சின், சாலினோமைசின் மாதிரி மருந்துகள் கோழிக்கு நல்லது, நாய் பூனைக்கு நஞ்சு. அளவுக்கு மேல் போனால் பின்னங்கால் தளர்ந்து எழ முடியாமல் கிடக்கும். இரண்டு நக்கு நக்கியதில் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் தட்டை வேலிக்கு உள்ளே வை, மூட்டையை மூடி போட்ட டிரம்மில் போடு. நடையில் தள்ளாட்டம் தெரிந்தால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோ, தீவனப் பையின் லேபிளையும் எடுத்துக்கொண்டு போ.

—

உவரி மதினி:

பூனைக்கு விடுதலை என்று அண்ணாச்சி சொன்னாலும் முழு விடுதலை வேண்டாம், ஜாமீன் போதும். குஞ்சுக்கு இரண்டு மாதம் ஆகிற வரை எந்தப் பூனையும் பூனைதான். எங்கள் வீட்டில் மூன்று பூனை, 20 கோழி. பெரிய கோழிப் பக்கம் எதுவும் போகாது. குட்டியாக இருந்தபோது குஞ்சுக்காரப் பெட்டையிடம் ஒரு கொத்து வாங்கியிருக்கும், அந்த மரியாதை சாகிற வரை இருக்கும். ஆனால் சைக்கிளில் பச்சையும் ரோஸுமாகச் சாயம் அடித்துக் கொண்டுவருவார்களே, அந்தக் கலர் குஞ்சு ஐந்தைப் பிள்ளை அடம்பிடித்து வாங்கியது. தாய் இல்லாத குஞ்சு. மூன்றே நாள். அதே நல்ல பூனைதான்.

பூனை கவ்விய குஞ்சோ கோழியோ உயிரோடு கிடைத்தால், மேலே காயம் தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். பல் ஊசி மாதிரி இறங்கியிருக்கும், உள்ளே சீழ் வைத்து இரண்டு நாளில் செத்துவிடும். அன்றைக்கே டாக்டரிடம் காட்டி மருந்து போட வேண்டும்.

மேல்மூடிக்கு எங்கள் பக்கம் பழைய மீன்வலைதான். பருந்துக்கு நல்லது, காசும் இல்லை. ஆனால் தொங்கவிடக் கூடாது, இழுத்துக் கட்ட வேண்டும். தொங்கினால் பூனைக்குட்டி சிக்கிக்கொள்ளும்.

நான் செய்த தப்பையும் எழுதிவிடுகிறேன். கூட்டில் கோழிச்செள் (கோழி மேல் ஒட்டுகிற சின்னப் பூச்சி) வந்துவிட்டது. மாட்டு உண்ணிக்கு வாங்கி வைத்திருந்த மருந்து மிச்சம் இருந்தது. தண்ணீரில் கலந்து கூடெல்லாம் அடித்தேன். கூட்டின் கூரை மேல் எப்போதும் படுப்பது எங்கள் வெள்ளைப் பூனை. ஈரம் காயவில்லை. சாயங்காலம் பார்த்தால் வாயில் எச்சில் வழிகிறது, காது துடிக்கிறது, உடம்பெல்லாம் நடுங்குகிறது. பாத்திரம் கழுவுகிற சோப்பைப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, துணியில் சுற்றிக்கொண்டு திசையன்விளைக்கு ஓடினோம். பிழைத்துவிட்டது. டாக்டர் சொன்ன பிறகுதான் தெரியும்: பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்து மாட்டுக்கும் நாய்க்கும் தாங்கும், பூனைக்குத் தாங்காது. நாயின் முதுகில் சொட்டுகிற உண்ணி மருந்திலும் அது இருக்கலாம். காப்பிக்குப் போட்டுவிட்டுச் சிட்டை அதன் மேல் படுக்க விட்டுவிடாதே தங்கச்சி. கூட்டுக்கு இப்போது நான் சாம்பலும் சுண்ணாம்படிப்பும்தான்.

—

மானூர்த் தம்பி:

பெருச்சாளிக்கு எதற்குக் கூண்டு? எலி மருந்தை உருண்டையில் வைத்தால் ஒரே ராத்திரி. ஊருக்குள் கோழி அடிக்கிற தெருநாய்க்கும் எங்கள் ஆள்கள் முட்டையில் வைப்பார்கள்.

—

கோழி ஊசிக்காரர்:

தம்பி, மருந்து தின்ற பெருச்சாளி வளைக்குள் போய்ச் சாகும் என்று யார் எழுதிக் கொடுத்தது? தள்ளாடிக்கொண்டு புறவாசலுக்கு வரும். அப்போதுதான் பூனைக்கு அதைப் பிடிக்கத் தைரியம் வரும். அந்தப் பூனையும் போகும். சிந்தின உருண்டையைக் கோழியும் கொத்தும். நான் அறுத்துப் பார்த்த கோழிகளில் கழிச்சலில் செத்தவற்றுக்கு அடுத்தபடி இரைப்பையில் மருந்து இருந்தவைதான்.

தெருநாய்க்கு முட்டையில் வைப்பதைப் பொதுவில் எழுதாதே. எழுதாமல் செய்யவும் செய்யாதே. பாரதிய நியாய சன்ஹிதா சட்டம் 325-ஆம் பிரிவில் விலங்கை விஷம் வைத்துக் கொன்றால் ஐந்து வருடம் வரை சிறை. சட்டத்தை விடு, அந்த முட்டையை ஒரு பிள்ளை எடுத்தால்?

செத்த கோழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை. கழிச்சலில் செத்ததை நாய்க்குப் போடுவது நம் ஊரில் வழக்கம். கூட்டுப் பக்கத்தில் குடலும் தலையும் எறிவதும் அப்படித்தான். நாய்க்குக் கோழி வாடையும் சோறும் ஒன்று என்று நாமே பாடம் நடத்துகிறோம். பச்சைக் குடலில் வயிற்றுப்போக்கு வேறு. எதில் செத்தது என்று நமக்குத் தெரியாது. 2024 டிசம்பரில் நாக்பூர் கோரேவாடாவில் மூன்று புலியும் ஒரு சிறுத்தையும் பறவைக்காய்ச்சலில் செத்தன. புலிக்கு வந்தால் பூனைக்கு வராதா? ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடு. சேர்ந்தாற்போல நாலைந்து செத்தால் புதைப்பதற்கு முன்னால் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்.

—

களக்காட்டு லாரி:

அண்ணாச்சி, வேகவைத்த கோழி எலும்பு போடலாமா? என் நாய்க்கு அதுதான் உயிர்.

—

கோழி ஊசிக்காரர்:

போடாதே. வெந்த எலும்பு சிலும்பு சிலும்பாக உடையும், தொண்டையிலோ குடலிலோ குத்தும். குழம்புச் சோறு மட்டும் போடு, அதிலும் காரம், வெங்காயம் இல்லாமல். உன் சங்கிலி அறுத்த நாய்க்கு நடக்கப் போகிற வழக்கம் உண்டா? நாளெல்லாம் கட்டியே கிடந்ததா? அதைச் சொல் முதலில்.

—

களக்காட்டு லாரி:

கட்டித்தான் கிடந்தது. நான் லோடு ஏற்றிக்கொண்டு போனால் நாலு நாள் ஆகும்.

—

வீரவநல்லூர்க்காரி:

கார்த்திகை வந்துவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கூண்டில் முதல் ராத்திரி ஒன்றும் விழவில்லை. இரண்டாம் ராத்திரி ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று. இரண்டாவது, சிட்டைவிடக் கொஞ்சம்தான் சின்னது. பிடித்ததை என்ன செய்தோம் என்பது வேண்டாம். பஞ்சாரம் புறவாசல் திண்ணைக்கு வந்தது, மேலே குழவிக்கல். குஞ்சு ஆறு ஆறாகவே இருக்கிறது. அம்மா சிட்டிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நெத்திலி ஆய்கிறபோது தலையை அதன் பக்கமாகப் போடுகிறார், அவ்வளவுதான்.

வேலிக்கு வெல்டு மெஷ் அம்பையில் வாங்கினோம். நிறுத்த எங்கள் தோப்பில் விழுந்த பனையைக் கீறிய சட்டங்கள். அடியில் இரண்டடி விரித்தோம். அதுதான் உண்மையில் வேலையே, கையெல்லாம் கீறல். முதல் வாரத்திலேயே காப்பி ஓரத்தில் நாலு இடத்தில் தோண்டிப் பார்த்தது. நகத்தில் கம்பி பட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தது, யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி.

பழக்கம் காட்ட சீனிக்கிழங்கை அவித்துச் சின்னத் துண்டாக்கி வைத்துக்கொண்டேன். முதல் பத்து நாள் இருபத்தைந்து அடியிலும் கிழங்கைத் தொடவில்லை. நான் பின்னால் போய்ப் போய், கடைசியில் முருங்கையைத் தாண்டி, துணி துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தேன். அங்கேதான் முதல் துண்டை வாங்கித் தின்றது. பக்கத்து ஆச்சி மதில் மேலாகப் பார்த்துவிட்டு, "நாய்க்குக் கிழங்கு ஊட்டிக்கிட்டு இருக்கா, படிச்ச பிள்ளை" என்றார்கள். இப்போது பத்தடி வரை வந்திருக்கிறோம். சேவல் இறக்கையைத் தட்டினால் இன்னும் உடம்பு விறைக்கிறது, ஆனால் பேர் சொன்னால் திரும்புகிறது. பெட்டை பறந்தால் திரும்பாது. அதை ஒளிக்கவில்லை.

தீபாவளியன்று ஒரு பாடம். வெடிச்சத்தத்தில் கோழியெல்லாம் பகலிலேயே கூட்டுக்குள் போய் ஒண்டிக்கொண்டன. காப்பி கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்தது. நாங்கள் பலகாரம் கொடுக்கப் போன நேரத்தில் புறவாசல் கதவு திறந்திருக்கிறது. போய்ப் பார்த்தால் நாய் கட்டிலைவிட்டு நகரவில்லை. பயத்தில் அசையவில்லை, பழகியதால் அல்ல என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு கதவுக்கு ஸ்பிரிங் போட்டாகிவிட்டது, விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும்.

அம்மாவுக்கு 28-ஆம் நாள் ஊசியும் முடிந்தது. நாயைக் கொண்டுவிடச் சொல்வதை நிறுத்திவிட்டார். "அது உள்ளதான இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் கூட்டைத் திறக்கிறார். நானும் பதில் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

அண்ணாச்சி, ஒரே ஒரு கேள்வி. இன்னொரு பெட்டையை முந்தாநாள் அவயத்துக்கு வைத்தோம், 12 முட்டை. மழைக்கு ஒதுக்கமாக உள்அறையில்தான் வைக்க முடிந்தது. அங்கே அரிசி மூட்டை மேல்தான் சிட்டு படுக்கிறது. பெட்டை ஒரு தடவை உறுமியது, சிட்டு திரும்பிப் படுத்துக்கொண்டது. பொரிக்க இன்னும் 19 நாள் இருக்கிறது. பூனையை அறை மாற்றட்டுமா?

—

கோழி ஊசிக்காரர்:

இன்னும் 17 நாள் வரைக்கும் அப்படியே இருக்கட்டும். அதற்குப் பிறகு குஞ்சு முட்டைக்குள் கத்த ஆரம்பிக்கும், அப்போது அறையைச் சாத்து. அரிசி மூட்டையை இன்றைக்கே வெளியே எடு. எலி அதற்குத்தான் வரும், பூனை எலிக்கு வரும்.